கம்பியில் ஏறாத செய்திகள்

தேனி மாவட்டத்தின் வரைபடம் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே பெரியகுளத்தின் தலைக்கு மேல் பழனி மலைத்தொடர் நிற்கிறது. தென்மேற்கே கூடலூர், அதைத் தாண்டி மேலே ஏறினால் குமுளி, தேக்கடி. இரண்டுக்கும் நடுவே கம்பம் பள்ளத்தாக்கு நீண்டு கிடக்கிறது. 1895-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னை மாகாண கவர்னராக இருந்த வென்லாக் பிரபு இந்தப் பகுதியின் இரு கோடிகளிலும் இரண்டு காரியங்களைச் செய்தார். 10-ஆம் தேதி பெரியாறு அணைத் திட்டத்தைத் தேக்கடியில் தொடங்கி வைத்தார். அதே மாதத்தில் கோடைக்கானலில் சூரிய ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். அணைக்கும் ஆய்வகத்துக்கும் இடையே நேர்கோட்டில் அளந்தால் சுமார் 85 கிலோமீட்டர்தான்.

அணையை அறியாதவர் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. கர்னல் பென்னிகுயிக்கின் படம் மாட்டாத வீடு கூடலூர்ப் பக்கம் குறைவு. ஆனால் ஆய்வகத்தைப் பற்றிக் கேட்டால் பலருக்கும், கோடைக்குச் சுற்றுலா போனபோது எட்டிப் பார்த்த வெள்ளைக் கூடாரம் என்ற அளவிலேயே நினைவு இருக்கிறது. இக்கட்டுரையில் அந்த ஆய்வகத்தை வேறொரு கோணத்தில் பார்க்கப் போகிறோம். மலை உச்சியில் தனியே வேலை செய்யும் சிலர், பல ஆயிரம் மைலுக்கு அப்பால் அதே வேலையைச் செய்யும் வேறு சிலரோடு தம் அறிவைப் பகிர்ந்துகொள்வது எப்படி? தபாலும் தந்தியும் தொலைபேசியும் கணிப்பொறியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது அந்தப் பகிர்வில் என்ன மாறியது, என்ன மாறவில்லை?

அணையின் கதையில் இதற்கு ஒரு சிறு முன்னுரை கிடைக்கிறது. 1887 முதல் 1895 வரை காட்டுக்குள் நடந்த அந்த வேலையில் பொறியாளர்கள் கற்றது ஏராளம். சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரையை வெள்ளத்துக்கு நடுவே எப்படி நிறுத்துவது, மலையடிவாரத்திலிருந்து கம்பிவடத்தின் வழியே பொருள்களை எப்படி மேலேற்றுவது என்பவையெல்லாம் அங்கே அனுபவத்தில் தெரிந்துகொண்டவை. இந்த அறிவு வெளியுலகுக்குப் போய்ச் சேர்ந்த வழியைப் பாருங்கள். 1897-இல் பென்னிகுயிக் லண்டன் பொறியாளர் கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். 1899-இல் மெக்கன்ஸி என்ற பொறியாளர் திட்டத்தின் வரலாற்றை முழு நூலாக எழுதினார். அதாவது, அணை முடிந்து இரண்டாண்டும் நான்காண்டும் கழித்து, அச்சில். எதிர்ப்பக்கத்திலும் இதே தாமதம்தான். கோடை மாதங்களில் காட்டுக் காய்ச்சலுக்கு அஞ்சி ஒவ்வோர் ஆண்டும் வேலையை நிறுத்தினார்கள். அந்தக் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்று ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897 ஆகஸ்டில். அணை அதற்குள் முடிந்துவிட்டது.

குண்டூரிலிருந்து ஒரு கடிதம்

கோடைக்கானலுக்குப் போகுமுன் சிறிது பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் தேதி தென்னிந்தியாவின் குறுக்கே முழுச் சூரிய கிரகணம் ஒன்று கடந்து சென்றது. அதைக் காணப் பிரான்சிலிருந்து வந்த ஜான்சென் என்ற அறிஞர் குண்டூரில் கருவிகளை நிறுத்தியிருந்தார். சூரியனின் விளிம்பிலிருந்து எழும் செந்நிறப் பிழம்புகளின் நிறமாலையில் தனித்தனியான ஒளிக்கோடுகளை அவர் கண்டார். அவை மிகவும் பளிச்சென்று இருந்தன. கிரகணம் இல்லாத நாளிலும் இவற்றைக் காண முடியுமே என்று அவருக்குத் தோன்றியது. மறுநாள் காலையே முயன்றார், கண்டார். அதுவரை கிரகணத்தின் சில நிமிடங்களுக்காக உலகைச் சுற்றிக்கொண்டிருந்த வானியலாளர்கள், இனி வெயில் அடிக்கும் எந்த நாளிலும் அந்தப் பிழம்புகளை ஆராயலாம் என்று ஆயிற்று.

இந்த முறையை விளக்கி அவர் எழுதிய கடிதம் செப்டம்பரில்தான் இந்தியாவை விட்டுப் புறப்பட்டது. கப்பல் ஏறிப் பாரிஸ் போய்ச் சேரும்போது அக்டோபர் இறுதி. இதற்கிடையே இங்கிலாந்தில் லாக்கியர் என்பவர், கிரகணம் எதையும் பார்க்காமலேயே, அக்டோபர் 20-ஆம் தேதி அதே முறையில் அதே பிழம்புகளைக் கண்டுவிட்டார். இரண்டு செய்திகளும் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அக்டோபர் 26 அன்று ஒரே அமர்வில் படிக்கப்பட்டன. பிற்பாடு பிரெஞ்சு அரசு இருவர் முகத்தையும் ஒரே பதக்கத்தில் பொறித்துச் சிக்கலைத் தீர்த்தது. (ஹீலியத்தைக் குண்டூரில் கண்டுபிடித்ததாகச் சில புத்தகங்கள் எழுதுகின்றன. ஜான்சென் அங்கே கண்டுபிடித்தது முறையை. ஹீலியம் என்ற பெயரோடு சேர்ந்தவர் லாக்கியர். அதைப் பூமியில் ராம்சே பிரித்தெடுத்தது, நம் கதை தொடங்கும் அதே 1895-இல்.)

இந்தியாவில் அப்போது தந்தி இல்லாமலில்லை. 1855-இலேயே பொதுமக்கள் உபயோகத்துக்கு அது வந்துவிட்டது. 1865 முதல் ஐரோப்பாவுக்கும் பாரசீக வளைகுடா வழியாகத் தந்தித் தொடர்பு உண்டு. அப்படியானால் ஒரு புதிய முறையின் விளக்கம் கடிதத்துக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? அவசரமின்மை காரணமன்று. ‘பிழம்புகள் வாயுவால் ஆனவை’ என்று தந்தி அடிக்கலாம். பிளவை எங்கே வைப்பது, எந்தக் கோட்டைத் தேர்வது, கருவியை எப்படி மெல்ல நகர்த்துவது என்பதைச் சொல்லுக்குச் சொல் காசு வாங்கும் கம்பியில் எழுத முடியாது. முடிவு ஒன்று, அந்த முடிவுக்கு வந்த வழி வேறொன்று. தந்தி முதலாவதைச் சுமக்கும், இரண்டாவதைச் சுமக்காது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மலை ஏறுவோம்.

பெரியகுளம் வழியாக ஒரு ஆய்வகம்

சென்னையில் 1792 முதல் ஒரு வானாய்வகம் இருந்துவந்தது. நட்சத்திரங்களின் இடங்களை அளப்பதும் நேரம் கணிப்பதும் அதன் முக்கியப் பணிகள். அந்த நேரம் தந்திக் கம்பி வழியே நாடெங்கும் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் ‘மதராஸ் நேரம்’ பார்த்தே ஓடின. ஆனால் சூரியனைத் தினந்தோறும் ஆராயச் சென்னையின் புழுக்கமும் தூசியும் ஒத்துவரவில்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக இருந்த மிக்கி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் சுற்றி ஆராய்ந்தார். இறுதியில் கோடைக்கானலில் சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆய்வகம் 1899-இல் அமைந்தது. ஒழுங்கான நோக்கீடுகள் 1901-இல் தொடங்கின. மிக்கி ஸ்மித்தே முதல் இயக்குநர்.

அந்நாளில் கோடைக்குச் செல்லும் வழி இன்றைய வத்தலக்குண்டு மலைச்சாலை அன்று. அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டிறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் வந்து, அடிவாரத்தில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பில் தங்கி, அங்கிருந்து சுமார் 12 மைல் செங்குத்தான பாதையில் குதிரையிலோ டோலியிலோ கால்நடையாகவோ ஏற வேண்டும். மலைச்சாலையில் வாகனங்கள் ஓடத் தொடங்கியது அடுத்த நூற்றாண்டின் இரண்டாவது பத்தாண்டில்தான். ஆகவே, ஆய்வகத்தின் தொடக்க காலக் கருவிகள் நம் ஊர்க்காரர்களின் தலையிலும் தோளிலும் ஏறியே உச்சிக்குப் போயின. இந்தப் பாதையில் கண்ணாடி வில்லைகள் உடையாமல் போய்ச் சேர்ந்தது, சுமந்தவர்களின் கைத்திறனுக்குச் சான்று. அவர்கள் பெயரை எந்த அறிக்கையும் எழுதவில்லை.

ஆய்வகத்துக்கு உலகோடு இரண்டு கயிறுகள் இருந்தன. ஒன்று தபால், மற்றொன்று தந்தி. தந்தி எதற்குப் பயன்பட்டது? நேரத்துக்கு. சென்னையிலிருந்து வரும் நேரக் குறிப்பைக் கொண்டு மலையிலுள்ள கடிகாரத்தைச் சரிபார்த்தார்கள். மின் துடிப்பு கம்பியில் ஓடும் நேரம் மிக மிகச் சிறியது. எனவே ‘இப்போது’ என்ற ஒரே ஒரு சொல்லை அனுப்ப அதைவிடச் சிறந்த கருவி கிடையாது. வானிலை எண்களை அனுப்பவும் அது போதும். வால்நட்சத்திரம் ஒன்று புதிதாகத் தோன்றினால் அதன் இடத்தைச் சொல்லவும் போதும். ஜெர்மனியில் கீல் நகரில் 1882-இல் இதற்கென்றே ஒரு மைய நிலையம் ஏற்பட்டது. உலகப்போர் மூண்ட 1914-இல் அப்பணி கோபன்ஹேகனுக்கு மாறியது. வானியல் தந்திக்கு ஒரு தனிச் சங்கேதம் வளர்ந்தது. எண்களை ஐந்தைந்தாகக் கட்டி அனுப்புவார்கள். வழியில் ஓர் எண் பிசகினாலும் தெரிந்துவிடும்படி கடைசியில் ஒரு கூட்டுத்தொகையைச் சேர்ப்பார்கள். இன்றைய கணிப்பொறிச் செய்திகளில் பிழை காணும் முறைக்கு இது ஒரு மூத்த உறவு.

ஒரு சூரியப் படத்தைத் தந்தியில் அனுப்பினால்?

ஆனால் சூரிய ஆய்வகத்தின் உண்மையான விளைச்சல் எண்ணல்ல, படம். கண்ணாடித் தட்டில் பதிந்த சூரிய வட்டம். இதைத் தந்தியில் அனுப்பினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போடலாம். என் மாணவர்களிடம் ஆண்டுதோறும் கொடுக்கும் கணக்கு இது. நீங்களும் செய்து பாருங்கள்.

படத்தை நீளவாட்டில் 1,000, அகலவாட்டில் 1,000 என்று பத்து லட்சம் புள்ளிகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு புள்ளியின் கருமையையும் 00 முதல் 99 வரை இரண்டு இலக்கத்தில் குறிக்கிறோம். ஆக, 20 லட்சம் இலக்கங்கள். தேர்ந்த தந்திக்காரர் நிமிடத்துக்கு 25 சொல், அதாவது 125 எழுத்து அடிப்பார் என்று வைத்துக்கொள்வோம். 20 லட்சத்தை 125-ஆல் வகுத்தால் 16,000 நிமிடம். மணியாக்கினால் 266, நாளாக்கினால் பதினொன்றுக்கும் மேல். உண்ணாமல், உறங்காமல், ஒரு பிழையும் இல்லாமல் அடித்தால், ஒரு நாள் படத்துக்குப் பதினோரு நாள். மோர்ஸ் குறியீட்டில் எழுத்துகளைவிட இலக்கங்கள் நீளமானவை. அதையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

எனவே தட்டைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்புவதே விவேகம். கப்பல் மெதுவாகப் போகிறது. ஆனால் ஒரே பெட்டியில் நூறு தட்டுகளைக் கொண்டு போகிறது. வேகம் வேறு, கொள்ளளவு வேறு என்று இன்று கணிப்பொறி மாணவர்கள் படிக்கிறார்களே, அந்தப் பாடம் அன்றே நடைமுறையில் இருந்தது.

1909 ஜனவரி 5

ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் 1907 ஜனவரியில் கோடைக்கு வந்து சேர்ந்தார். அவர் பல்கலைக்கழகத்து வானியலாளர் அல்லர். வேலைக்குப் போய்க்கொண்டே சொந்தச் செலவில் கருவி செய்து சூரியனைப் பார்த்து வந்தவர். இந்தியாவுக்கு வரும் வழியில் அமெரிக்கா சென்று, கலிபோர்னியாவின் வில்சன் மலையில் ஹேல் நடத்திவந்த ஆய்வகத்தைப் பார்த்துவிட்டே வந்தார். இந்தப் பயணத்தை நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். காரணம் இதுதான்: சூரியனை ஒரே ஒரு நிறத்தில் படமெடுக்கும் கருவி 1904-இலேயே கேம்பிரிட்ஜிலிருந்து கோடைக்கு வந்துவிட்டது. ஆயினும் அதிலிருந்து தரமான படங்கள் ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கியது எவர்ஷெட் வந்து கைவைத்த பிறகே. கருவி பெட்டியில் வந்தது. கருவியைப் பழக்கும் வித்தை ஆள்மேல் ஏறி வந்தது. அதைத் தந்தியும் கொண்டு வராது, தபாலும் கொண்டு வராது.

1908-இல் ஹேல், சூரியப் புள்ளிகளில் வலிமையான காந்தப் புலம் இருப்பதைக் கண்டு அறிவித்தார். புள்ளிகள் சுழற்காற்றுப் போன்ற சுழிகள் என்பது அவரது எண்ணம். அந்தச் சுழற்சியை நேராக அளந்துவிடலாம் என்று எவர்ஷெட் புள்ளிகளின் நிறமாலையைப் படமெடுத்தார். 1909 ஜனவரி 5-ஆம் தேதி எடுத்த தட்டுகளில் நிறமாலைக் கோடுகள் புள்ளியின் ஓரங்களில் சாய்ந்திருந்தன. ஆனால் சாய்வு அவர் எதிர்பார்த்த விதத்தில் இல்லை.

அவர் கண்டது என்ன? சூரியனின் விளிம்புக்கு அருகில் ஒரு புள்ளி இருக்கிறது என்று கொள்ளுங்கள். அதன் கருமையான நடுப்பகுதியைச் சுற்றி மங்கலான வளையம் ஒன்று உண்டு. அந்த வளையத்தில், விளிம்பை நோக்கிய பக்கத்தில் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. சூரிய வட்டத்தின் நடுவை நோக்கிய பக்கத்தில் நீலப் பக்கம் நகர்ந்திருந்தன. புள்ளி சூரிய வட்டத்தின் நடுவிலேயே இருந்தால் நகர்ச்சி இல்லை. டாப்ளர் விளைவு அறிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். வாயு சுழலவில்லை; புள்ளியின் நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் வெளிநோக்கி, சூரியப் பரப்பை ஒட்டிக் கிடையாக ஓடுகிறது. வேகம் வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர். இதுவே இன்று உலகெங்கும் ‘எவர்ஷெட் விளைவு’ எனப்படுகிறது.

2 கிலோமீட்டர் என்றால் பெரிதாகத் தோன்றும். ஒளியின் வேகம் வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். ஆகவே 6,000 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள ஒரு கோடு நகர்வது வெறும் 0.04 ஆங்ஸ்ட்ராம். தட்டில் அது மயிரிழையிலும் மெலிந்த வித்தியாசம். ‘வினாடிக்கு 2 கிலோமீட்டர், வெளிநோக்கி’ என்று தந்தி அடிக்க அதிகச் செலவாகாது. ஆனால் அதைப் படிப்பவர் நம்ப வேண்டுமே! அதிலும் உலகின் மிகப் பெரிய சூரிய ஆய்வகம் சுழல் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, தென்னிந்திய மலையொன்றிலிருந்து சுழல் இல்லை என்று ஒருவர் சொல்கிறார். எவர்ஷெட் அதை ஆய்வகத்தின் 15-ஆம் அறிக்கையாக 1909-இல் அச்சிட்டு வெளியிட்டார். அச்சிட்ட அறிக்கையில் அளந்த முறையும் தட்டுகளின் விவரமும் சொல்லலாம். அதைப் படித்துத் தம் கருவியில் தாமே செய்து பார்ப்பது மற்றவர்கள் வேலை. வில்சன் மலையிலேயே செயின்ட் ஜான் என்பவர் விரிவாக அளந்து, எவர்ஷெட் கண்டது சரியென்று 1913-இல் வெளியிட்டார். செய்தி கடல் கடக்கச் சில வாரம் போதும். அது அறிவாக ஆக நான்காண்டு ஆயிற்று. கம்பியை எவ்வளவு வேகமாக்கினாலும் இந்த நான்காண்டில் பெரும்பகுதி குறைந்திராது என்பதே என் கருத்து.

எல்லார் வானமும் ஒரே நாளில் தெளிவாக இராது

சூரியனைத் தினமும் படமெடுப்பது என்று உறுதி எடுத்துக்கொண்டால் பெரிய எதிரி மேகம். நம் பகுதியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது கோடைக்கானலில் நாள் கணக்கில் சூரியனைக் காண முடியாது. இங்கிலாந்தின் நிலை சொல்லவே வேண்டியதில்லை. ஆகவே ஒருவர் விட்ட நாளை மற்றொருவர் நிரப்ப வேண்டும். கிரீனிச் ஆய்வகம் 1874 முதல் 1976 வரை சூரியப் புள்ளிகளின் பரப்பையும் இடத்தையும் நாள் தவறாமல் வெளியிட்டது. அது சாத்தியமானது டேராடூன், மொரீஷியஸ், நன்னம்பிக்கை முனை, கோடைக்கானல் ஆகிய இடங்களிலிருந்து சென்ற தட்டுகளால்தான். பிரான்சின் மெதோன், வில்சன் மலை, கோடைக்கானல் ஆகிய மூன்றும் பூமியின் மூன்று பக்கங்களில் இருந்ததால், ஒன்றில் இரவாகும்போது மற்றொன்றில் பகல். ஹேல் முன்னின்று 1904-இல் தோற்றுவித்த சூரிய ஆராய்ச்சிக் கூட்டுறவுச் சங்கம் இந்த ஏற்பாட்டுக்கு உருக்கொடுத்தது.

1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை நடந்த அகில உலகப் பௌதிக ஆண்டின்போது தந்தியின் வேகம் முதன்முறையாக இந்த வேலைக்கு மிகவும் தேவைப்பட்டது. சூரியனில் பெருஞ்சுடர் ஒன்று வெடித்தால் எட்டு நிமிடத்தில் அதன் எக்ஸ் கதிர் நம்மைத் தாக்கிச் சிற்றலை வானொலியைக் கெடுக்கும். காந்தப் புயல் வர ஓரிரு நாள் ஆகும். அந்த இடைவெளிக்குள் உலகெங்கும் உள்ள நிலையங்கள் ஆயத்தமாக வேண்டும். அமெரிக்காவில் ஓர் எச்சரிக்கை நிலையம் வைத்துத் தந்தியிலும் தொலை அச்சிலும் அறிவித்தார்கள். இத்துடன் இன்னொன்றும் செய்தார்கள். எச்சரிக்கையைவிட இதுவே நிலைத்த பயன் தந்தது. அளந்த விவரங்களின் நகல்களை ஒரே இடத்தில் பூட்டி வைக்காமல் அமெரிக்கா, சோவியத் யூனியன், ஐரோப்பா, ஜப்பான் என்று பல உலகத் தரவு மையங்களில் சேர்த்தார்கள். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது! ஒரு நாடு கதவை மூடினாலும் அறிவு மற்றோர் இடத்தில் கிடைக்கும் என்பது ஏற்பாடு.

தட்டு கணிப்பொறிக்குள் போன பிறகு

கோடைக்கானல் தட்டுகள் ஒரு நூற்றாண்டாகப் பெட்டிகளில் அடுக்கியிருந்தன. பார்க்க விரும்புபவர் மலை ஏறி வர வேண்டும். 1971 முதல் ஆய்வகம் இந்திய வான்பௌதிக நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. இந்நூற்றாண்டில் அந்நிறுவனம் தட்டுகளை ஒவ்வொன்றாக மின்னணுப் படமாக்கி, உலகில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்தது. ஒரு படம் 4,096-க்கு 4,096 புள்ளிகள். நம் பழைய தந்திக்காரரிடம் அதைக் கொடுத்தால் ஆறு மாதத்துக்கும் மேல் அடித்துக்கொண்டிருப்பார். இப்போது சில வினாடி. சூரியனின் நடுக்கோட்டுப் பகுதி வேகமாகவும் துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல மெதுவாகவும் சுழல்வதை நூறாண்டுப் படங்களைக் கொண்டு துல்லியமாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். தட்டுகளை எடுத்தவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்து எடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் எடுத்தார்கள், அவ்வளவுதான். ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறையினர் அங்கே சூரியனைப் படமெடுத்தது உண்டு என்றால் பாருங்கள்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கோடைக்கானலில் சூரிய ஒளியை ஒரு சுழலும் கண்ணாடி பிடித்து, அசையாமல் நிற்கும் தொலைநோக்கிக்குள் திருப்பி விடுகிறது. தொலைநோக்கியை நகர்த்த வேண்டியதில்லை என்பது இதன் வசதி. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: வெயில் ஏற ஏற, தட்டில் விழும் சூரிய உருவம் மெல்லச் சுழன்றுகொண்டே போகும். சூரியனின் வடக்கு தட்டில் எந்தப் பக்கம் என்று அறிய, படம் எடுத்த நேரம் தெரிய வேண்டும். அந்த நேரத்தை எடுத்தவர் கையால் குறித்து வைத்திருப்பார். எந்த நேரம்? இந்திய பொது நேரம் வந்ததே 1906 ஜனவரி முதல் தேதியில்தான். அதற்கு முந்திய ஒரு தட்டைக் கையில் எடுப்பவர், குறித்தவர் எந்தக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தார் என்று அறிந்தால்தான் அதைச் சரியாகத் திருப்பி வைக்க முடியும். படத்தில் உள்ள கோடிக்கணக்கான புள்ளிகளும் இணையத்தில் பாய்ந்து வந்துவிட்டன. அவற்றுக்கு அர்த்தம் கொடுக்கும் நான்கு இலக்கம் பென்சிலில் எழுதியது. அந்தப் பென்சிலின் வழக்கம் தெரிந்தவர் மலையில் இருந்தவர். கணிப்பொறியில் ஏற்றும் வேலையைப் பாதிக்கு மேல் எந்திர வேலை என்று நினைப்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும். தட்டோடு சேர்ந்த குறிப்பேடுகளையும் பழைய அறிக்கைகளையும் விட்டுவிட்டுப் படத்தை மட்டும் காப்பாற்றினால், காப்பாற்றியது பாதி.

போடிநாயக்கனூரில்

இந்தச் சங்கதி மலை உச்சி விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியதன்று. பள்ளத்தாக்குக்கு இறங்கி வருவோம்.

ஏலக்காய் விளைவது மேலே, இடுக்கி மாவட்டத்து மலைகளில்: வண்டன்மேடு, உடும்பன்சோலை, பூப்பாறை. வாங்கி விற்கும் பெரிய சந்தை கீழே போடிநாயக்கனூரில். வாங்கித் தின்பவர்கள் வட இந்தியாவிலும் அரபு நாடுகளிலும். விளைவிப்பவர், வாங்குபவர், தின்பவர் மூவரும் ஒருவரையொருவர் பாராமலே ஒரு தொழில் நடக்கிறது. முன்பெல்லாம் வெளியூர் விலை தந்தியில் வரும். பிறகு டிரங்க் கால். சாதாரணக் கால், அவசரக் கால், அதற்கும் மேலே லைட்னிங் கால் என்று மூன்று கட்டணம் இருந்ததைப் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். மேலே எஸ்டேட்டில் இருப்பவருக்கு அந்த விலை அடுத்த பஸ் வரும்போதுதான் தெரியும். விலையை முதலில் அறிந்தவர் கை ஓங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தந்தி 2013 ஜூலையில் நாட்டிலிருந்தே விடைபெற்றது. அதற்கு வெகு முன்னரே கைப்பேசி அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

ஏலத்தை நடத்துவதிலும் மாற்றம் வந்தது. நறுமணப் பொருள் வாரியம் 2007-இல் கணிப்பொறி ஏலத்தைத் தொடங்கியது. வியாபாரிகள் குரல் கொடுக்காமல் பொத்தானை அழுத்தி விலை கேட்டார்கள். கேட்ட விலை எல்லார் கண்ணுக்கும் எதிரே திரையில் நின்றது. முன்போல இரண்டு பேர் கண்ணைக் காட்டிக்கொள்வதற்கு இடம் குறைந்தது. 2021-இல் இன்னொரு படி ஏறி, போடிநாயக்கனூர் ஏலக் கூடத்தையும் மேலே கேரளத்தில் உள்ள புற்றடி ஏலக் கூடத்தையும் ஒரே நேரத்தில் இணைத்தார்கள். ஒரு கூடத்தில் உட்கார்ந்தவர் மற்றொரு கூடத்து ஆளோடு போட்டியிடலாம். விலையைப் பொறுத்தவரை மலையும் பள்ளத்தாக்கும் ஒரே அறையாகிவிட்டன.

ஆனால் எந்தக் காய்க்கு அந்த விலை? காயின் பருமனைச் சல்லடை சொல்லும். அதை மில்லிமீட்டரில் எழுதலாம். லிட்டர் எடையைத் தராசு சொல்லும்: ஒரு லிட்டர் பாத்திரத்தைக் காயால் நிரப்பி நிறுத்தால், விதை முற்றி நிறைந்த காய் கனமாகவும் சொத்தைக் காய் லேசாகவும் இருக்கும். பௌதிகத்தில் நாம் அடர்த்தி என்று படிப்பதுதான். இவை எண்கள், கம்பியில் ஏறும். பச்சை நிறம் எவ்வளவு நின்றிருக்கிறது என்பதைத் திரையில் ஒருவாறு காட்டலாம். அதுவும் திரைக்குத் திரை மாறும். மணத்தை எதில் ஏற்றுவது? உலர்த்தும் அறையில் சூடு ஓரிரு பாகை கூடிப்போயிருந்தால் அது காயின் வாசனையில் தெரிந்துவிடும் என்று பழகிய வியாபாரிகள் சொல்வார்கள்.

அதனால் ஏலக் கூடத்தில் கணிப்பொறிக்குப் பக்கத்திலேயே மாதிரித் தட்டுகளும் வைக்கிறார்கள். ஒவ்வொரு குவியலிலிருந்தும் எடுத்த ஒரு பிடி காய் மேசைக்கு மேசை வருகிறது. இரண்டு கூடங்களை இணைத்தாலும் காயின் மாதிரி இணையத்தில் போகாது. ஒரு பையில் கட்டி மலைப்பாதையில் வண்டியில்தான் போக வேண்டும். திரையில் விலை ஓடத் தொடங்குமுன் வியாபாரி தட்டிலிருந்து ஒரு காயை எடுத்து, நகத்தால் கீறி, மூக்கருகே கொண்டு போகிறார்.